கதகதப்பு வேண்டும்... ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்!

பனிக்காலம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மார்கழிதான். விடிகாலையில் புல் மேல் முத்து முத்தாக நீர்த்துளி, தலையில் ஒரு மஃப்ளர், கையில் சூடாக ஒரு டம்ளர் காபி... அவ்வளவுதான் நம்மூர்க் குளிர். எட்டு மணிக்கு வெயில் வந்துவிட்டால் போன இடம் தெரியாது.

ஆனால், வானத்திலிருந்து பஞ்சு மாதிரி பனி கொட்டி, முற்றத்தை முழங்கால் உயரத்துக்கு மூடி, தண்ணீர் குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும் ஊர்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. அங்கேயும் குழந்தை பிறக்கிறது, கல்யாணம் நடக்கிறது, வயசான மாமியாரும் மாமனாரும் வீட்டில் இருக்கிறார்கள். எப்படிச் சமாளிக்கிறார்கள்?

காஷ்மீர் கிராமங்களின் பனிக்கால வாழ்க்கையைப் பார்த்தால் அந்த ரகசியம் புரியும். கூடவே ஒரு முக்கியமான பாடமும் கிடைக்கும். குளிரை விட, குளிருக்குப் பயந்து நாம் செய்யும் சில காரியங்கள்தான் அதிக ஆபத்து! டூர் போகிறவர்கள் மட்டுமல்ல, வீட்டில் கேஸ் கீஸர் வைத்திருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இது.

பெரிய குளிர், சின்னக் குளிர், குட்டிக் குளிர்

டிசம்பர் 21-ம் தேதி தொடங்கி ஜனவரி கடைசி வரை உள்ள 40 நாளை 'சில்லை கலான்' என்கிறார்கள் காஷ்மீர் மக்கள். பெரிய குளிர் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கடுத்த 20 நாள் 'சில்லை குர்த்', அதாவது சின்னக் குளிர். கடைசி 10 நாள் 'சில்லை பச்சா', குட்டிக் குளிர். ஆக மொத்தம் 70 நாள்.

பெரிய குளிரில் ராத்திரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போவது சர்வ சாதாரணம். 2021 ஜனவரி 14 அன்று ஸ்ரீநகரில் மைனஸ் 8.4 டிகிரி! தால் ஏரியின் ஓரங்கள் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். பனி அதிகமானால் ரோடு அடைபட்டு, காய்கறி லாரி வராது.

அதனால் வெயில் காலத்திலேயே ஆயத்தம் தொடங்கிவிடும். நாம் வற்றல், வடகம் போடுவது போலவே அங்கே சுரைக்காய், கத்தரிக்காய், தக்காளி, டர்னிப் எல்லாவற்றையும் நறுக்கிக் கோத்துக் காயவைக்கிறார்கள். 'ஹோக் ஸ்யூன்' என்று பெயர். இலையுதிர் காலத்தில் சினார் மரத்து இலைகளைப் பெண்கள் பெருக்கிக் குவித்து, எரித்து, தண்ணீர் தெளித்து அணைத்துக் கரியாக்கி மூட்டை கட்டி வைப்பார்கள். பனிக்காலம் முழுவதற்கும் அதுதான் கணப்புக்கு உதவும்.

உடம்பு என்ன செய்கிறது?

நம் உடம்பின் உள் வெப்பம் சுமார் 37 டிகிரி. வெளியே குளிர்ந்ததும் உடம்பு முதலில் ஒரு சிக்கன நடவடிக்கை எடுக்கிறது. கை, கால், காது, மூக்கு ஆகியவற்றுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தை இதயம், மூளை, நுரையீரல் பக்கம் திருப்பிவிடுகிறது. விரல்நுனி முதலில் சில்லிட்டுப் போவதற்கு இதுதான் காரணம். அதுவும் போதாவிட்டால் தசைகளை ஆட்டிச் சூடு உண்டாக்குகிறது. அதைத்தான் நாம் 'நடுக்கம்' என்கிறோம்.

ரத்தக் குழாய் சுருங்கினால் ரத்த அழுத்தம் ஏறும். ஆகவே பி.பி., இதயக் கோளாறு உள்ளவர்களுக்குக் குளிர்காலம் சோதனைக் காலம். மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது.

சரி, என்ன உடுத்துவது? ஒரே ஒரு கனத்த கோட்டை விட, மூன்று மெல்லிய உடுப்பு மேல். துணிக்கும் துணிக்கும் நடுவே தங்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. காஷ்மீரிகள் போடும் 'ஃபிரன்' என்ற தொளதொள கம்பளி அங்கியின் சூட்சுமமும் இதுதான். கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒரு காற்றுக் கூடாரம்!

'டைட்டாகப் போட்டால்தான் சூடு' என்று இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்து ஷூவை இறுக்கிக் கட்டாதீர்கள். ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் சில்லிடும். உள்ளே போடும் துணி நனைந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். ஈரத் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். இந்த விஷயத்தில் பருத்தியை விடக் கம்பளி நல்லது. பருத்தி ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு லேசில் காயாது.

அங்கிக்குள் ஓர் அடுப்பு

ஃபிரனுக்குள் இன்னொரு சமாசாரமும் இருக்கும். அதுதான் 'காங்ரி'. குச்சியால் பின்னிய கூடை, அதற்குள் ஒரு மண் சட்டி, சட்டியில் கரித்தணல், மேலே சாம்பல். கிளறிவிடச் சின்னதாக ஒரு கரண்டியும் தொங்கும். ஆண், பெண், பெரியவர், சிறியவர் எல்லாரும் இதை அங்கிக்குள் வைத்துக்கொண்டே பேசுவார்கள், நடப்பார்கள், உட்காருவார்கள். கரண்ட் போனால் கவலையில்லை. செலவும் குறைவு.

ஆனால், வருஷக்கணக்கில் தொடையிலும் அடிவயிற்றிலும் தணல் சூடு பட்டால் தோல் சும்மா இருக்குமா? முதலில் வலை பின்னியது போல் பழுப்புக் கோடுகள் விழும். பல வருஷம் கழித்துச் சிலருக்கு அந்த இடத்தில் ஆறாத புண் வந்து, அதுவே தோல் புற்றுநோயாகிவிடும். 'காங்ரி கேன்சர்' என்றே மருத்துவப் புத்தகங்களில் இதற்குப் பெயர். காஷ்மீரில் வேலை பார்த்த எல்ம்ஸ்லி என்ற டாக்டர் 1866-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

'நமக்கும் காங்ரிக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? இருக்கிறது. இடுப்பு வலிக்கு தினமும் மணிக்கணக்கில் ஹீட்டிங் பேட் வைப்பவர்களுக்கும், லேப்டாப்பைத் தொடையிலேயே வைத்து வேலை பார்ப்பவர்களுக்கும் இதே வலைப் பின்னல் தழும்பு வருவதை டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள். 'சுடவில்லையே, இதமாகத்தானே இருக்கிறது' என்று அலட்சியம் வேண்டாம். நடுவே ஒரு தலையணையோ பலகையோ வையுங்கள். பழுப்புக் கோடு தெரிந்தால் அந்தச் சூட்டை நிறுத்துங்கள். அந்த இடத்தில் ஆறாத புண்ணோ தடிப்போ இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

புகை இல்லை, பயம் இல்லை?

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

விறகு எரிந்தால் கண் எரியும், இருமல் வரும். உடனே கதவைத் திறந்துவிடுவோம். ஆனால் கரி கனன்று தணலாகிவிட்டால் புகையே தெரியாது. 'புகைதான் போயிடுச்சே, இனிமே உள்ளே வச்சுக்கலாம்' என்று நினைப்போம். அங்கேதான் மோசம் போகிறோம்.

காற்று போதாமல் எரியும் எந்த நெருப்பும் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயுவைக் கக்கும். இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, எரிச்சல் இல்லை. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் எல்லா ஸீட்டிலும் இது ஏறி உட்கார்ந்துவிட்டால் ஆக்ஸிஜனுக்கு இடம் ஏது? மூச்சு வழக்கம் போலத்தான் ஓடும். ஆனால் மூளையும் இதயமும் பட்டினி கிடக்கும்.

2025 ஜனவரியில் ஸ்ரீநகரில் ஒரு வாடகை வீட்டில் தாய், தகப்பன், மூன்று குழந்தைகள் என ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் இப்படித்தான் மூச்சுத்திணறி இறந்தார்கள். குளிரில் பிறந்து வளர்ந்தவர்களையே ஏமாற்றக்கூடிய எமன் இது. ஒரு நாள், இரண்டு நாள் தங்கப் போகிற நாம் எம்மாத்திரம்?

நெருப்பு எங்கே? புகை எங்கே போகிறது?

எந்தக் கணப்பைப் பார்த்தாலும் இந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள். பதிலிலேயே ஆபத்து எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

*ஹமாம்:* வசதியுள்ள காஷ்மீர் வீடுகளிலும் மசூதிகளிலும் இருக்கும் அறை. தரையில் கல் பலகை பதித்திருக்கும். அதற்கடியில் விறகு எரியும். விறகு போடும் வாய் அறைக்கு வெளியே. புகையும் வெளியே போய்விடும். கல் மட்டும் இதமாகச் சூடாகி ராத்திரி முழுக்க அறையைக் காப்பாற்றும். கல்லில் விரிசல் இல்லாமல் இருந்தால் நல்ல ஏற்பாடு.

*புகாரி:* இரும்பு அடுப்பு. நெருப்பு அறைக்குள்ளே. ஆனால் புகைபோக்கிக் குழாய் கூரை வழியாக வெளியே போகும். குழாயில் கரி அடைத்தாலோ, வெளி முனையைப் பனி மூடினாலோ ஆபத்து. பனிக்காலத்துக்கு முன்பு குழாயைச் சுத்தம் செய்வது அவசியம்.

*காங்ரி, கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர்:* நெருப்பும் உள்ளே, வாயுவும் உள்ளே. ஆள் விழித்திருக்கும்போது, ஜன்னலில் ஒரு சாண் திறந்து வைத்துத்தான் உபயோகிக்க வேண்டும். படுக்கப் போகும் முன் வெளியே வைத்துவிட வேண்டும். 'அணைஞ்சு போச்சு' என்று தோன்றும் சாம்பலுக்குள்ளும் கங்கு இருக்கும்.

*எலெக்ட்ரிக் ஹீட்டர், எலெக்ட்ரிக் போர்வை:* இந்த வாயு வராது. ஆனால் ஹீட்டர் பக்கத்தில் திரைச்சீலை, துணி வேண்டாம். போர்வையை மடித்தபடி ஸ்விட்ச் போடாதீர்கள். படுக்கை சூடானதும் அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

'என்னங்க, ஜன்னலைச் சாத்துங்க. ஊதக்காத்து உள்ளே வருது, குழந்தைக்கு ஒத்துக்காது' என்று வீட்டம்மா சொல்வது சகஜம். அந்த இடத்தில் வீட்டுக்காரர் சொல்ல வேண்டிய பதில் இது: 'குழந்தைக்கு இன்னொரு கம்பளி போத்திக்கலாம்மா. அடுப்பு உள்ளே இருக்கிற வரைக்கும் ஜன்னல் திறந்துதான் இருக்கணும்.'

அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி, பேச்சில் குழப்பம் எல்லாம் முதல் அடையாளங்கள். 'பிரயாணக் களைப்பு', 'சாப்பாடு ஒத்துக்கலை' என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். ஒரே அறையில் இருக்கும் இரண்டு, மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி வந்தால், வெளியே போனதும் குறைந்தால், சந்தேகமே வேண்டாம், இந்த வாயுதான். குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் சீக்கிரமாகப் பாதிக்கப்படுவார்கள்.

உடனே செய்ய வேண்டியது:

1. எல்லாரையும் திறந்த வெளிக்குக் கொண்டு வாருங்கள். போகிற போக்கில் கதவு, ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

2. மயங்கியவரைத் தூக்க உள்ளே போகிறவர் அதிக நேரம் உள்ளே நிற்கக் கூடாது. அவரும் விழுந்துவிடுவார்.

3. மூச்சு இருந்து நினைவு இல்லாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சே இல்லாவிட்டால், தெரிந்தவர்கள் மார்பை அழுத்திச் செயற்கை சுவாசம் தரலாம்.

4. 108 அல்லது 112-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தெளிந்துவிட்டாலும் டாக்டர் பார்க்க வேண்டும். சாதாரணக் காற்றில் ரத்தத்திலுள்ள இந்த வாயு பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரமாகும். மாஸ்க் மூலம் ஆக்ஸிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் குறையும்.

கொரோனா சமயத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்பி ஏமாறாதீர்கள். அதற்கு ஆக்ஸிஜனையும் இந்த வாயுவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கிக் கிடந்தாலும் '98' என்று காட்டும்!

வாசலைத் தாண்டினால்...

காஷ்மீர் வீடுகளின் கூரை தகரத்தில், நல்ல சரிவாக இருக்கும். பனி தங்காமல் வழுக்கி விழுவதற்காக. ஆனால் வெயில் ஏறியதும் அந்தப் பனி மொத்தமாகப் பாளம் பாளமாகக் கீழே விழும். இறவாணத்தில் ஈட்டி மாதிரி பனிக்கட்டியும் தொங்கும். ஆகவே இறவாணத்தின் கீழ் நின்று போட்டோ எடுப்பதும், குழந்தைகளை விளையாட விடுவதும் கூடாது.

புதுப் பனியை விட, இறுகிப் போன பழைய பனியில்தான் வழுக்கும். அங்கே வாத்து மாதிரி நடக்க வேண்டும். பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி, சின்னச் சின்ன அடியாக, முழுப் பாதத்தையும் பதித்து நடங்கள். கை இரண்டும் பாக்கெட்டில் இருந்தால் விழும்போது ஊன்ற முடியாது. வெளியே விட்டு கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், எலும்பு நம்முடையது!

உறைந்த ஏரி, குளத்தின் மேல் நடக்கவே கூடாது. மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் நடுவே மெலிந்திருக்கும்.

பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பாதிக்கும். கூலிங் கிளாஸ் அவசியம். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். காலையில் எழுந்ததும் பனியை மண்வெட்டியால் வாருவது அங்கே தினசரி வேலை. அது மூட்டை தூக்குவதற்குச் சமமான உழைப்பு. ஏற்கெனவே சுருங்கிய ரத்தக் குழாய்களோடு திடீரென்று இதைச் செய்தால் மாரடைப்பு வரலாம். நடுவயதைத் தாண்டியவர்கள் உதவிக்குப் போகாமல் வேடிக்கை பார்ப்பதே உத்தமம்.

கார் பனியில் மாட்டிக்கொண்டால்? பாகிஸ்தானின் மர்ரீ என்ற மலை ஊரில் 2022 ஜனவரியில் பனியில் சிக்கி நின்ற கார்களுக்குள் 20-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே ராத்திரியில் இறந்தார்கள். கடுங்குளிரோடு, என்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டதால் உள்ளே சேர்ந்த புகைவாயுவும் பலருக்கு எமனானது என்று செய்திகள் வந்தன. புகைக்குழாயைப் பனி மூடினால் வாயு காருக்குள்தான் வரும். முதலில் குழாய் முனையில் உள்ள பனியை அகற்றுங்கள். பிறகு என்ஜினை விட்டு விட்டுக் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டுங்கள். காற்று எதிர்ப்பக்கமுள்ள கண்ணாடியைச் சற்று இறக்கி வையுங்கள். காரை விட்டு இறங்கி, கொட்டும் பனியில் நடந்து போக முயல வேண்டாம்.

விரல் வெளுத்தால், ஆள் உளறினால்...

விரல், காது, மூக்கு நுனி மரத்துப் போய் மெழுகு மாதிரி வெளுத்தால் சதை உறையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பனியை வைத்துத் தேய்ப்பது பழைய காலத்து வைத்தியம், சதை கிழியும். நெருப்பில் காட்டவும் கூடாது. மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாமல் வெந்துவிடும். குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில், அதாவது 37-லிருந்து 39 டிகிரி வென்னீரில், விரலை முக்கி வையுங்கள். திரும்பவும் குளிரில் உறைந்துபோகும் நிலை இருந்தால் சூடேற்றாமல், உலர்ந்த துணி சுற்றி டாக்டரிடம் கொண்டு போவதே நல்லது.

உடம்பின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஆளே ஆபத்தில். நடுக்கம், நாக்குக் குழறல், தள்ளாட்டம், தூக்கக் கலக்கம் தெரியும். நடுங்கிக்கொண்டிருந்தவர் குளிர் போகாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் அது குணமல்ல, முற்றிய நிலை. ஈரத் துணியை மாற்றி, முதலில் மார்பு, வயிறு, கழுத்து, தலையைப் போர்த்துங்கள். நல்ல நினைவு இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுக்கலாம். உடம்பை உலுக்காதீர்கள், கை காலைத் தேய்க்காதீர்கள். வயசானவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே இப்படி ஆகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

சில சந்தேகங்கள்

*குளிருக்கு ஒரு பெக் நல்லது என்கிறார்களே?*

தவறு. மது தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களை விரிக்கும். முகம் சூடாவது போல் தோன்றும். ஆனால் உள்ளே இருந்த சூடு வெளியே போய்விடும். நடுக்கமும் புத்தியும் சேர்ந்தே மந்தமாகும்.

*பின்னே என்ன சாப்பிடுவது?*

காஷ்மீரிகளின் குளிர்காலக் காலை ஆகாரம் 'ஹரீஸா'. ஆட்டுக் கறியையும் அரிசியையும் ராத்திரி முழுக்க வேகவைத்து மசித்தது. தெம்பு தரும், ஆனால் கொழுப்பும் அதிகம். இதய நோயாளிகள் ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். உப்புப் போட்ட இளஞ்சிவப்பு 'நூன் சாய்' டீ அங்கே எல்லா வீட்டிலும் உண்டு. பி.பி. உள்ளவர்கள் அதற்குப் பதிலாக குங்குமப்பூவும் பாதாமும் போட்ட கஹ்வா குடிக்கலாம். சைவக்காரர்களுக்கு நிலக்கடலை, எள், வெல்லம், சூடான பருப்பு சூப் போதும். குளிரில் தாகம் தெரியாது. வென்னீரை ஞாபகமாகக் குடியுங்கள்.

*நம்மூரில் பனியே கொட்டாதே, எங்களுக்கு ஏன் இதெல்லாம்?*

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பனி கொட்டுவதில்லை. ஆனால் அறைக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் அங்கிருந்தும் வந்திருக்கின்றன. கோழி வாட்டிய அடுப்பை, 'கணகணன்னு இருக்கே' என்று உள்ளே தூக்கிக்கொண்டு போவதுதான் காரணம். ஜன்னல் இல்லாத பாத்ரூமில் கேஸ் கீஸர் வைத்தாலும் இதே வாயு வரும். கீஸரை பாத்ரூமுக்கு வெளியே மாட்டுங்கள். அது முடியாவிட்டால் வென்னீரை வாளியில் பிடித்துக்கொண்டு, அணைத்துவிட்டுக் குளியுங்கள்.

ராத்திரி படுக்கும் முன்

- கரி அடுப்பும் காங்ரியும் வெளியே போயிற்றா?
- கேஸ் ஹீட்டர் அணைந்ததா?
- ஜன்னலில் ஒரு சாண் திறந்திருக்கிறதா?
- யாருக்காவது தலைவலி, குமட்டல் இருக்கிறதா?
- நனைந்த சாக்ஸ் மாற்றியாயிற்றா?
- பெரியவர்கள் பி.பி. மாத்திரை போட்டார்களா?

பாட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இப்போது கிடைக்கிறது. மலைப் பிரதேசங்களில் அடிக்கடி தங்குபவர்கள் ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். அது இல்லாதவர்களுக்கும் கைவசம் ஒரு காவல் உண்டு. கம்பளியை ஒன்றுக்கு இரண்டாகப் போர்த்திக்கொண்டு, அடுப்பை வெளியே வைத்துவிட்டு, குடும்பத்தோடு நெருங்கிப் படுத்துத் தூங்குங்கள். காலையில் பனி எவ்வளவு கொட்டியிருக்கிறது என்று எல்லாருமாகச் சேர்ந்து எழுந்து பார்க்கலாம்.